டிஜிலாக்கர் தொடங்கும் முன் உங்கள் இனிஷியலைப் பாருங்கள்

லைசென்ஸ், ஆர்.சி., பான், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாமே போனில் இருந்தால் போதும், பையில் ஃபைல் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று பல பேர் டிஜிலாக்கர் என்ற மத்திய அரசின் ஆவணப் பெட்டக ஆப்பை இறக்குகிறார்கள். அரை மணி நேரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, "விவரங்கள் பொருந்தவில்லை" என்று நாலு தடவை வந்ததும் அலுத்துப்போய் அழித்துவிடுகிறார்கள். என் வீட்டில் நாங்கள் நாலு பேர், அப்புறம் தெருவில் ஒரு ஏழெட்டுப் பேர், இத்தனை பேருக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்ததில் நான் கண்டது ஒன்றுதான்: ஆப்பில் வேலை பத்து நிமிஷம், அதற்கு முன்னால் சரிசெய்ய வேண்டிய இரண்டு விஷயங்களில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். ஒன்று ஆதாரோடு இணைத்த செல்போன் எண், இன்னொன்று உங்கள் பெயர். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பெயர்தான் பெரிய தலைவலி, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். மத்திய அரசு 2015 ஜூலை 1 அன்று டிஜிட்டல் இந்தியா என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசு சேவைகளை ஆபீஸ் படியேறாமல் மக்களுக்குக் கொடுப்பதுதான் அதன் நோக்கம். அதன் கீழ் நிறைய தளங்களும் ஆப்களும் வந்தன. எல்லாவற்றையும் போனில் ஏற்றி வைக்கத் தேவையில்லை. சாதாரணக் குடும்பத்துக்கு ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் டிஜிலாக்கரைச் செய்யுங்கள் என்பேன், ஏனென்றால் மற்ற பல சேவைகளும் உங்கள் ஆவணத்தை இதிலிருந்துதான் கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

சரி, செல்போன் எண்ணிலிருந்து தொடங்கலாம்.

ஆதாரில் எந்த எண் இருக்கிறது?

ஆதார் எடுத்தபோது கொடுத்த எண் இப்போது உங்களிடம் இருக்கிறதா? பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்தவர்கள் பலர் அந்தச் சிம்மை எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள், சிலர் எண்ணே கொடுத்திருக்க மாட்டார்கள், சிலருக்கு ஊரில் இருந்த யாரோ ஒருவரின் எண் போட்டிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள எங்கும் போக வேண்டாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் ஆதார் எண் செல்லுபடியாகிறதா என்று சரிபார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. அங்கே எண்ணைக் கொடுத்தால் வயது வரம்பு, பாலினம், மாநிலம், இவற்றோடு இணைக்கப்பட்ட செல்போனின் கடைசி மூன்று இலக்கங்களையும் காட்டும். அந்த மூன்று இலக்கம் உங்கள் எண்ணோடு ஒத்துப்போனால் அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஒத்துப்போகவில்லை என்றால் ஆதார் மையத்துக்குப் போய் மாற்ற வேண்டும். எண் மாற்றுவதற்கு மட்டும் எந்த ஆவணமும் தேவையில்லை, கைரேகை வைத்தால் போதும், சிறிய கட்டணம் உண்டு. "அந்த ஃபார்ம் கொண்டு வா, இந்தக் கையெழுத்து வாங்கி வா" என்று யாராவது இதற்கே அலையவிட்டால் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள். நடமாட முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் தபால்காரரைக் கேட்டுப் பாருங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கி வழியாகத் தபால்காரரே வீட்டுக்கு வந்து ஆதாரில் செல்போன் எண்ணை மாற்றித் தரும் சேவை 2021-ல் தொடங்கியது. இது இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியவில்லை. என் பாட்டிக்கு அப்படித்தான் செய்தோம், திண்ணையில் உட்கார்ந்தபடியே முடிந்தது.

இங்கே ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ எண் மாற்றும்போது, "ஓடிபி எனக்கு வந்தால் வசதி" என்று உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது அவர்கள் ரேஷன் கடையிலோ வங்கியிலோ நின்றுகொண்டு உங்களுக்கு போன் போட்டு, நீங்கள் மீட்டிங்கில் எடுக்காமல், அவர்கள் திரும்பி வந்து, இதெல்லாம் நடக்கும். பட்டன் போனாக இருந்தாலும் அவர்கள் கையில் இருக்கும் எண்ணே இருக்கட்டும், ஓடிபி அதிலும் வரும்.

பெயர்ப் பஞ்சாயத்து

இனி விஷயத்துக்கு வருவோம். நம்மிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். ஆனால் இந்தியா முழுக்க ஓடும் கணினி அமைப்புகளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நிரப்பிவிட்டார்கள்.

ஒரு பேச்சுக்குச் செந்தில்குமார் என்று ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா பெயர் கந்தசாமி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "செந்தில்குமார் கே". ஆதாரில் "கே செந்தில்குமார்", ஒருவேளை இனிஷியலே இல்லாமல் "செந்தில்குமார்". பான் கார்டுக்கு விண்ணப்பித்தபோது கடைசிப் பெயரில் வெறும் இனிஷியல் போடக்கூடாது என்று விதி இருப்பதால் அப்பா பெயரை விரித்து "செந்தில்குமார் கந்தசாமி". லைசென்ஸில் டிரைவிங் ஸ்கூல்காரர் அவசரத்தில் எழுதியபடி "செந்தில் குமார் கே", நடுவில் ஓர் இடைவெளியோடு. மனிதன் பார்த்தால் நாலும் ஒரே ஆள்தான், கணினிக்கு நாலு பேர்.

டிஜிலாக்கர் ஓர் ஆவணத்தை எடுக்கும்போது ஆதாரில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் எடுத்துக்கொண்டு, சம்பந்தப்பட்ட துறையின் பதிவேட்டில் இருக்கும் பெயரோடு ஒப்பிடுகிறது. துறைக்குத் துறை இந்த ஒப்பீடு கறாராகவும் தளர்வாகவும் இருக்கிறது. சில இடங்களில் இனிஷியல் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும், சில இடங்களில் ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலும் தள்ளிவிடும். அதனால் முதல் வேலையாக ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஆதார், பான், லைசென்ஸ், ஆர்.சி., பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பாஸ்போர்ட் இருந்தால் அது, வங்கிப் பாஸ்புக், ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்து எழுத்தாக, இடைவெளி உட்பட எழுதுங்கள். பக்கத்தில் பிறந்த தேதியையும் எழுதுங்கள். தமிழில் எப்படி இருக்கிறது என்பது இந்த வேலைக்கு முக்கியமில்லை, ஆங்கில எழுத்துகளைத்தான் பாருங்கள், அதில்தான் ஒரே பெயர் ஓர் ஆவணத்தில் ஒற்றை எழுத்தோடும் இன்னொன்றில் இரட்டை எழுத்தோடும் இருக்கும்.

எழுதி முடித்ததும் படம் தெளிவாகிவிடும். எதை மாற்றுவது என்பதற்கு என் யோசனை: எந்த வடிவம் அதிக ஆவணங்களில் இருக்கிறதோ, அதிலும் பாஸ்போர்ட் போல மாற்றுவதற்குக் கஷ்டமான ஆவணத்தில் இருக்கிறதோ, அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மீதியை அதன் பக்கம் இழுங்கள். பான், பாஸ்போர்ட், வங்கி மூன்றிலும் "செந்தில்குமார் கந்தசாமி" என்று இருந்து ஆதாரில் மட்டும் இனிஷியல் இருந்தால் ஆதாரை மாற்றுங்கள். பான் மட்டும் தனியாக நின்றால் பானை மாற்றுங்கள், அதற்கு ஆகும் செலவு 100 ரூபாய்க்குச் சற்று மேல், வீட்டிலிருந்தே இணையத்தில் செய்துவிடலாம்.

ஆதாரைத் தொடும்போது மட்டும் ரொம்ப நிதானமாக இருங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. ஏற்கெனவே ஒரு தடவை மாற்றியிருந்தால், மிச்சம் ஒன்றுதான் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலைக் கணவர் இனிஷியலாக மாற்றச் சொல்லி வீட்டில் வற்புறுத்தும் பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: சட்டப்படி மாற்ற வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது, மாற்றினால் பான், வங்கி, லைசென்ஸ், டிகிரி என்று ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு போக வேண்டியிருக்கும். முடிவு உங்களுடையது, ஆனால் பின்விளைவு தெரிந்து எடுங்கள்.

மையத்தில் ஆபரேட்டர் தட்டச்சு செய்யும்போது திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனகினாலும் பரவாயில்லை. நான் ஒருமுறை கூச்சப்பட்டுப் பார்க்காமல் வந்துவிட்டேன், ஓர் எழுத்து விட்டுப்போய், அந்த ஓர் எழுத்துக்காக மறுபடி ஒரு விடுப்பு எடுக்க வேண்டியதாயிற்று, இரண்டு வாய்ப்பில் ஒன்றும் போனது. ஒப்புகைச் சீட்டில் உள்ளதையும் படித்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழ வேண்டும்.

இனி கணக்கு

ஆப் ஸ்டோரில் டிஜிலாக்கர் என்று தேடினால் அதே பெயரில், அதே மாதிரி படத்தோடு வேறு ஆப்களும் வரக்கூடும். உருவாக்கியவர் பெயர் நேஷனல் ஈகவர்னன்ஸ் டிவிஷன் என்று இருக்கிறதா என்று பார்த்து இறக்குங்கள். இது மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் பிரிவு. கணினியில் திறப்பதானால் முகவரி "கவ் டாட் இன்" என்று முடிய வேண்டும். வாட்ஸ்ஆப்பில் யாராவது அனுப்பும் லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

ஆதாரில் இருக்கும் பெயர், பிறந்த தேதி, பாலினம், செல்போன் எண் கொடுத்து, ஆறு இலக்கப் பின் (ரகசிய எண்) ஒன்று அமைத்து, ஓடிபி போட்டால் கணக்கு தயார். பிறகு ஆதார் எண்ணைக் கொடுத்து இன்னொரு ஓடிபி. அந்த ஆறு இலக்கம் பிறந்த தேதியாகவோ ஒன்று முதல் ஆறு வரையாகவோ இருக்க வேண்டாம், உங்கள் பிறந்த தேதி எத்தனை ஜெராக்ஸ் கடையில் கிடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

"ஏற்கெனவே கணக்கு இருக்கிறது" என்று வந்தால் பதறாதீர்கள். எப்போதோ கல்லூரிச் சேர்க்கைக்கோ வேறு எதற்கோ பிரவுசிங் சென்டரில் யாராவது உங்கள் பெயரில் தொடங்கியிருப்பார்கள், பின்னையும் அவர்களே போட்டிருப்பார்கள். "பின் மறந்துவிட்டது" என்ற வழியில் போய், பிறந்த தேதியும் ஓடிபியும் கொடுத்துப் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள். இதை உடனே செய்வது நல்லது, பழைய பின் இன்னொருவருக்குத் தெரியும் என்பதால்.

இரண்டு அறை, இரண்டு மதிப்பு

இந்த ஒரு விஷயம் புரிந்தால் டிஜிலாக்கரே புரிந்தது மாதிரி. உள்ளே இரண்டு பகுதி இருக்கிறது. இஷ்யூட் என்ற பகுதி, அதாவது அரசுத் துறையே நேரடியாக வழங்கும் ஆவணங்கள். இன்னொன்று டிரைவ், நீங்களாகப் போட்டோ எடுத்தோ ஸ்கேன் செய்தோ ஏற்றி வைக்கும் இடம், இதற்கு 1 ஜிபி இடம் கொடுத்திருக்கிறார்கள். லைசென்ஸைப் போட்டோ எடுத்து டிரைவில் போட்டுவிட்டு "என்னிடம் டிஜிலாக்கரில் இருக்கிறது சார்" என்று போக்குவரத்துப் போலீஸிடம் காட்டினால் அவர் ஏற்க மாட்டார், ஏற்காததில் தப்பும் இல்லை. அது வெறும் போட்டோ, கேலரியில் இருப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

இஷ்யூட் பகுதியில் வருவதற்குத்தான் சட்ட மதிப்பு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2016-ல் டிஜிட்டல் லாக்கருக்கென விதிகள் வந்தன, 2017 பிப்ரவரியில் அதில் 9ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். துறைகள் டிஜிலாக்கர் வழியாக வழங்கும் ஆவணம் அசல் காகித ஆவணத்துக்குச் சமம் என்று அந்த விதி சொல்கிறது. வண்டிக் காகிதங்களுக்கு இன்னும் தெளிவாக, 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 139-ஆவது விதியைத் திருத்தி, லைசென்ஸையும் ஆர்.சி.யையும் மின்னணு வடிவில் காட்டலாம் என்று கொண்டுவந்தார்கள். யாராவது "அசல் கொண்டு வா" என்றால் சண்டை போடாமல் இந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள், விதி எண்ணைச் சொல்லிப் பேசும்போது எதிரில் இருப்பவரும் கொஞ்சம் நின்று கேட்கிறார், இதை நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இஷ்யூட் பகுதியில் இருப்பது துறையின் பதிவேட்டுக்கான ஓர் இணைப்பு, ஆவணம் அந்தத் துறையின் கணினியிலிருந்துதான் வருகிறது. அதனால் லைசென்ஸைப் புதுப்பித்தாலோ முகவரி மாற்றினாலோ டிஜிலாக்கரில் அந்த ஆவணத்தை ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள், இல்லாவிட்டால் பழைய காலாவதித் தேதியே காட்டிக்கொண்டிருக்கும். அதே காரணத்தால், அதில் ஏதாவது தப்பாக இருந்தால் டிஜிலாக்கரிடம் புகார் சொல்லிப் பயனில்லை, எந்தத் துறை வழங்கியதோ அங்கேதான் திருத்த வேண்டும்.

ஒவ்வொன்றாக எடுப்பது

ஆதார் தானாக வந்துவிடும். பானுக்குப் பான் எண் மட்டும் கொடுத்தால் போதும், வரவில்லை என்றால் காரணம் மேலே சொன்ன பெயர்தான், அல்லது பிறந்த தேதி.

லைசென்ஸில் பழையவர்களுக்குச் சிக்கல் உண்டு. நாடு முழுவதும் லைசென்ஸ் பதிவுகள் சாரதி என்ற அமைப்பில் இருக்கின்றன, ஆர்.சி. பதிவுகள் வாகன் என்ற அமைப்பில். கையால் எழுதிய புத்தக லைசென்ஸ் காலத்தில் எடுத்தவர்களின் பதிவு சாரதியில் ஏறாமலேயே இருக்கலாம். முதலில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பாருங்கள். அங்கேயே வரவில்லை என்றால் டிஜிலாக்கரில் எத்தனை முறை தட்டினாலும் வராது. லைசென்ஸ் வழங்கிய ஆர்டிஓ அலுவலகத்துக்குப் பழைய லைசென்ஸோடு போய், பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவது) போட வேண்டும் என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். "ஆன்லைனில் ஏறவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு அனுப்புவார்கள், பேக்லாக் என்றதும் யாரிடம் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். பரிவாகனில் வந்து டிஜிலாக்கரில் வராவிட்டால் அது எண்ணைத் தட்டச்சு செய்யும் முறையாக இருக்கும், இடையில் கோடு, இடைவெளி வைத்தும் வைக்காமலும் முயன்று பாருங்கள்.

ஆர்.சி.க்கு வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணும் வேண்டும். வண்டி இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் வராது. செகண்ட் ஹாண்டில் வாங்கிப் பெயர் மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் இதில்தான் பிடிபடுவார்கள், அந்த வேலையை முதலில் முடியுங்கள். அப்பா பெயரில் இருக்கும் வண்டியை மகன் ஓட்டினால் ஆர்.சி. அப்பாவின் டிஜிலாக்கரில்தான் வரும். அப்படி ஓட்டுபவர்கள் ஆர்.சி. அட்டையைக் கையில் வைத்திருப்பதே மேல்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்களுக்குத் தமிழ்நாடு மாநில வாரியத்தையோ சிபிஎஸ்இயையோ தேர்ந்தெடுத்து, தேர்வு எண்ணையும் ஆண்டையும் கொடுக்க வேண்டும். மிகப் பழைய ஆண்டுகள் வராமல் போகலாம், ஏனென்றால் வாரியம் எந்த ஆண்டு வரை கணினியில் ஏற்றியிருக்கிறதோ அதுவரைதான் கிடைக்கும். டிகிரிச் சான்றிதழ்களுக்கும் இதே கதை, உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றியிருந்தால் உண்டு. காலேஜில் படிக்கும் பிள்ளைகள் ஏபிசி ஐடி என்று கேட்கிறார்களே, படிப்பில் வாங்கும் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கின் எண், அதையும் டிஜிலாக்கரிலேயே உருவாக்கிக்கொள்ளலாம், அதற்காக வெளியே காசு கொடுக்க வேண்டாம்.

இ-சேவை மையம் வழியாக வாங்கிய சாதிச் சான்றிதழ் போன்ற வருவாய்த் துறைச் சான்றிதழ்களைத் தமிழ்நாடு என்று மாநிலத்தைத் தேர்ந்தெடுத்து, சான்றிதழ் எண்ணைக் கொடுத்து எடுத்துப் பாருங்கள். தாலுகா ஆபீஸில் கையெழுத்தும் சீலும் போட்டுக் கொடுத்த பழைய அட்டைச் சான்றிதழுக்கு அந்த எண் கிடையாது, அதனால் வராது. கல்லூரிச் சேர்க்கை நெருக்கத்தில் தவிப்பதைவிட, பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கும்போதே டிஜிட்டல் சான்றிதழ் வாங்கி வைத்துவிடுங்கள்.

காட்டும் இடம், காட்ட முடியாத இடம்

ரோட்டில் லைசென்ஸ், ஆர்.சி. காட்டலாம் என்று சொன்னேன். ரயிலில் அடையாளச் சான்றாக டிஜிலாக்கரில் உள்ள ஆதாரையும் லைசென்ஸையும் ஏற்கலாம் என்று ரயில்வே 2018-லேயே அறிவித்துவிட்டது, அங்கேயும் இஷ்யூட் பகுதியில் உள்ளதற்கு மட்டும்தான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் டிஜிலாக்கரிலிருந்தே ஆவணங்களை இணைக்கலாம், பாஸ்போர்ட் ஆபீஸில் சரிபார்ப்பு சீக்கிரம் முடிகிறது.

போனையே உள்ளே விடாத இடங்களில் இது உதவாது. போட்டித் தேர்வு மையம், வாக்குச்சாவடி இரண்டையும் நினைவில் வையுங்கள். தேர்வுக்குப் போகும் பிள்ளை போனை மட்டும் நம்பிப் போய் வாசலில் நிற்கக்கூடாது, அசல் அட்டை ஒன்று பையில் கட்டாயம் இருக்கட்டும்.

பிடிஎஃப் ஆக இறக்கி அச்சடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறியோடு "கையெழுத்து சரிபார்க்கப்படவில்லை" என்ற ஆங்கில வாசகம் வந்துவிடும், அதைப் பார்த்துப் போலி என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஆவணத்தில் தப்பில்லை. கணினியில் அடோப் ரீடரில் திறந்து, அந்தக் கையெழுத்தின் மேல் வலது கிளிக் செய்து சரிபார்க்கச் சொன்னால் பச்சை டிக் ஆகிவிடும், அதற்குப் பிறகு அச்சடியுங்கள். க்யூஆர் கோடு உள்ள ஆவணமாக இருந்தால் ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லலாம். கேட்பவரிடம் பொறுமையாக இதைக் காட்டினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இ-ஆதார் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்டுக் குழம்புகிறவர்களுக்கு: ஆங்கிலத்தில் உங்கள் பெயரின் முதல் நாலு எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருஷம். ஹோட்டல் ரூம், வாடகை வீடு போன்றவற்றுக்கு முழு ஆதாரைக் கொடுக்காமல், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் தளத்திலிருந்து இறக்கிக் கொடுங்கள்.

யாருக்கெல்லாம் திறந்துவிட்டிருக்கிறீர்கள்?

கடன் ஆப், சிம் கம்பெனி, வேலைக்குச் சேரும் நிறுவனம் என்று பலரும் டிஜிலாக்கர் வழியாக ஆவணம் கேட்கிறார்கள். அந்தத் திரையில் எந்த ஆவணங்கள், எத்தனை நாளுக்கு, எதற்காக என்று பட்டியல் வரும். எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். லைசென்ஸ் கேட்டவருக்கு மார்க் ஷீட் எதற்கு? தேவையில்லாததை எடுத்துவிட்டு அனுமதி கொடுங்கள். இதுவரை யார் யாருக்கு அனுமதி கொடுத்தீர்கள் என்ற பட்டியலும், கணக்கில் நடந்தவற்றின் பதிவும் உள்ளேயே இருக்கின்றன. மாதம் ஒருமுறை பாருங்கள், பழைய அனுமதிகளை ரத்து செய்யுங்கள். எனக்கு இதுதான் காகிதத்தைவிட டிஜிலாக்கர் பிடித்துப்போனதற்குக் காரணம், ஜெராக்ஸ் கொடுத்தால் அது எங்கே போனது என்று கேட்கவே முடியாதே.

பிரவுசிங் சென்டரில் திறந்தால் வெளியேறுவதோடு நிறுத்தாமல், டவுன்லோட் ஃபோல்டரில் இறங்கிய பிடிஎஃப்களையும் அழித்துவிட்டு எழுங்கள். ஓடிபியைக் கடைக்காரரிடம் சத்தமாகச் சொல்லாமல் நீங்களே தட்டுங்கள். "டிஜிலாக்கரிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு முடங்கப்போகிறது" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள், ஸ்கிரீன் ஷேர் ஆப் போடச் சொன்னால் அது நிச்சயம் திருட்டு. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள். பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு மீட்க வாய்ப்பு.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்குங்கள், பிறகு அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் வாங்கி, வேறு போனில் நுழைந்து பின்னை மாற்றுங்கள். ஆவணங்கள் போனில் இல்லை, அதனால் அவை எங்கும் போகாது.

உமங் பற்றி இரண்டே வரி. 2017 நவம்பரில் வந்த இந்த ஆப்பில் மத்திய, மாநில அரசுகளின் பல சேவைகள் இருக்கின்றன, தமிழிலும் பயன்படுத்தலாம், ஆனால் பி.எஃப். பாஸ்புக் பார்ப்பவர்களுக்குத்தான் நிஜமாகவே தினசரிப் பயன். மற்றவர்கள் தேவை வரும்போது இறக்கிக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர்களுக்குக் கணக்கு தொடங்கும்போது நாமினி சேர்க்கும் வசதியையும் மறக்காமல் பாருங்கள். பங்கு, மியூச்சுவல் ஃபண்டு விவரங்களையும் டிஜிலாக்கரில் கொண்டுவந்து, கணக்கு வைத்திருப்பவர் காலமானால் நாமினிக்கு அதைப் பார்க்கும் வழியை 2025 ஏப்ரலிலிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி ஏற்படுத்தியிருக்கிறது. அப்பா எங்கே என்ன போட்டு வைத்தார் என்று தெரியாமல் தவிக்கும் வீடுகள் நிறைய.

பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரி, வீட்டில் நெட் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து, ஓடிபி தொல்லை இல்லாமல் பின்னிலேயே உள்ளே போகிறதா, ஆதாரும் லைசென்ஸும் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, போனுக்கு முழுச் சார்ஜ் போட்டு வையுங்கள்.